ஆங்கிலத் தாவரப் பெயர்கள் காட்டும் வரலாறு

வரலாற்றாசிரியர் கல்வெட்டுக்களையும் நாணயங்களையும் பழைய ஏடுகளையும் சான்றுகளாகக் கொள்வர். அவற்றோடு ஒருங்கு வைத்தெண்ணத்தக்க பிறிதொரு சான்று சொல்லாகும். கல்வெட்டை அரசன் பொறிப்பித்தான். நாணயத்தை அரசு அடித்து வெளியிட்டது. சொல்லையோ உழவனும் வணிகனும் மாலுமியும் மருத்துவனும் அடுக்களையில் நின்ற பெண்ணும் ஆக்கி வழங்கினர். ஆகையால், ஏடுகளில் இடம்பெறாத மக்களின் வரலாறு பல வேளைகளிற் சொற்களிலே தங்கிவிடக் காண்கின்றோம்.

சொற்களுள்ளும் தாவரப் பெயர்கள் இவ்வகையிற் சிறப்புடையன. தாவரம் தானாக நெடுந்தூரம் செல்வதில்லை. அதனை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்பவன் மனிதனே. அவ்வாறு செல்லுங்கால் ஒன்றில் அதன் பெயரும் உடன் செல்கின்றது. அன்றேற் சென்ற நாட்டில் அதற்குப் புதுப் பெயர் சூட்டப்படுகின்றது. முன்னையது வழியைக் காட்டும்; பின்னையது பெயரிட்டோரின் மனத்தைக் காட்டும். இவ்விரண்டையும் ஆராய்வதற்கு ஆங்கிலம் வாய்ப்பான மொழியாகும். பல இனத்தாரின் படையெடுப்புக்கும் பண்பாட்டுத் தாக்கத்துக்கும் உட்பட்ட தீவில் வளர்ந்து, பின்னர் உலகெங்கும் வணிகமும் ஆட்சியும் செய்தோரின் மொழியாக அது பரவியது. மேலும், 1884 இல் முதற் பகுதி வெளிவந்து 1928 இல் நிறைவுற்ற ஒக்ஸ்போட் ஆங்கில அகராதி, சொற்களின் ஆட்சிகளைக் கால ஒழுங்கில் நிரைப்படுத்தித் தந்துள்ளமையால் அடிப்படைச் சான்றுகளைத் தேடி அலையவேண்டிய இடரும் நமக்கில்லை. ஆங்கிலத்தில் நாள்தோறும் வழங்கும் தாவரச் சொற்கள் சிலவற்றை அவை வந்துசேர்ந்த கால அடுக்குக்களாகப் பகுத்து நோக்குவதும், அவற்றுள் நம்மொழிக்கு உரிய பங்கு யாதென வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பூர்விக அடுக்கு

கி. பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் வட ஐரோப்பியக் கரையிலிருந்து பிரித்தானியாவிற் குடியேறிய ஆங்கிள், சக்சன் முதலிய இனத்தார் தம்முடன் கொணர்ந்த சொற்களே ஆங்கிலத்தின் அடித்தளமாகும். மரத்தைக் குறிக்கும் 'ட்றீ', இலையைக் குறிக்கும் 'லீஃப்', விதையைக் குறிக்கும் 'ஸீட்', களையைக் குறிக்கும் 'வீட்' என்பன இவ்வடுக்கைச் சார்ந்தன. இவற்றுட் சில ஆங்கிலத்தினும் மிகப் பழைமையானவை. 'ட்றீ' என்பதும் வடமொழியில் மரத்தைக் குறிக்கும் 'தாரு' என்பதும் ஒரே வேரிற் பிறந்தவை. 'தேவதாரு' என நாம் வழங்கும் மரப்பெயரின் பிற்பாதியே ஆங்கிலேயனின் மரமாகும். உண்மை எனப் பொருள்படும் 'ட்றூ' என்னும் ஆங்கிலச் சொல்லையும் அறிஞர் இவ்வேரோடு சார்த்துவர். மரம்போல் உறுதியாக நிற்பது உண்மை என்பது அதன் கருத்து. இவ்வாறே 'பேர்ச்' என்னும் மரப்பெயர், வடமொழியிற் 'பூர்ஜ' என வழங்கும் மரப்பெயரோடு உறவுடையது. காச்மீரத்திற் பூர்ஜ மரத்தின் பட்டையிலேயே நூல்கள் எழுதப்பட்டன. இச்சொற்களை ஆங்கிலம் வடமொழியிடமிருந்து கடன்கொண்டதுமன்று. வடமொழி ஆங்கிலத்திடமிருந்து கொண்டதுமன்று. ஒரு தாய் வயிற்றுச் சொற்கள் இரு திசைகளிற் பிரிந்து வளர்ந்தவை இவை. மரபுவழி உறவு வேறு, கடன் வேறு என்னும் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் பின்னர் நாம் கூறப்போவனவற்றுக்கு இன்றியமையாததாகும்.

இவ்வடுக்கின் கூட்டுச்சொற்கள் பழைய ஆங்கிலரின் கூர்த்த நோக்கைப் புலப்படுத்துகின்றன. 'டெய்ஸி' என்னும் சிறுமலரின் பெயர் பழைய வடிவிற் 'பகலின் கண்' எனப் பொருள்படும். அம்மலர் மாலையிற் குவிந்து காலையில் விரிவதை வயல்வெளியிற் கண்டவன் இட்ட பெயர் இது. வெள்ளைப்பூண்டின் பெயராகிய 'கார்லிக்' என்பது 'வேற்பூண்டு' என்றவாறு. 'கார்' என்பது வேலாயுதத்தையும் 'லேயக்' என்பது வெங்காய இனத்துப் பூண்டையும் குறித்தன. நரியின் கையுறை என்பதே 'ஃபொக்ஸ்குளவ்' எனும் செடிப்பெயரின் பொருள். 'கௌஸ்லிப்' என்னும் இனிய ஓசையுடைய மலரின் பெயரோ பசுவின் சாணத்தைக் குறிக்கும் தொடராகும். மேய்ச்சல் நிலத்திற் சாணம் விழுந்த இடத்தில் அது முளைத்தமை இதற்குக் காரணமெனக் கருதப்படுகின்றது. பிற்காலத்துக் கவிஞர் இம்மலரைப் பாடிய பொழுது பெயரின் பொருளை மறந்திருந்தனர் என்பதிற் ஐயமில்லை.

வரலாற்று நோக்கில் இவற்றுள் மிகவும் பயன்படுவது 'வோல்நட்' என்னும் சொல்லாகும். பழைய ஆங்கிலத்தில் 'வெயல்ஹ்' என்றால் அந்நியன் என்று பொருள். உரோமப் பண்பாட்டைச் சார்ந்த மக்களையும் கெல்த்திய மக்களையும் செருமானிய இனத்தார் அச்சொல்லாற் குறித்தனர். எனவே 'வோல்நட்' என்பது 'அந்நியரின் கொட்டை' ஆகின்றது. தமது நாட்டு 'ஹேசல்' கொட்டையினின்றும் தென்புலத்திலிருந்து வந்த இக்கொட்டையை வேறுபடுத்த எழுந்த பெயர் இது. வேல்ஸ் என்னும் நாட்டின் பெயரும் இச்சொல்லிலிருந்தே பிறந்தது. கடல் கடந்து வந்து குடியேறியோர், ஏலவே அம்மண்ணில் வாழ்ந்தோரை அந்நியர் என்றழைத்தனர். அப்பெயரே நிலைத்தும் விட்டது. பெயரிடும் உரிமை வலியவனிடத்திற் சென்று சேரும் என்பதற்கு இஃதொரு பழைய சான்று.

பழைய ஆங்கிலத்திற் செடியையும் வேரையும் குறித்த 'வோர்ட்' என்னும் சொல் இன்று தனித்து வழங்குவதில்லை. மூலிகைப் பெயர்களின் ஈறாக மாத்திரமே எஞ்சியுள்ளது. 'லங்வோர்ட்' என்பது நுரையீரற் பூண்டு. அதன் புள்ளியிட்ட இலை நுரையீரலைப் போன்று தோன்றியமையால் நுரையீரல் நோய்க்கு மருந்தாகும் என நம்பினர். கடவுள் ஒவ்வொரு மூலிகையிலும் அதன் பயனை உருவத்தாற் குறித்து வைத்துள்ளார் என்னும் கோட்பாடு பதினாறாம் பதினேழாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவத்திற் செல்வாக்குற்றிருந்தது. அம்மருத்துவக் கோட்பாடு மறைந்த பின்னரும் பெயர் மறையவில்லை.

இலத்தீனும் பிரெஞ்சும்

இரண்டாவது அடுக்கு இலத்தீன் சொற்களால் ஆயது. இது ஒரே தடவையில் வந்ததன்று. செருமானியர் பிரித்தானியாவிற் குடியேறுமுன்னரே உரோமரோடு கொண்ட தொடர்பாற் சில பழப்பெயர்கள் அவர்தம் மொழியிற் புகுந்தன. 'பெயர்', 'பிளம்' என்பன அத்தகையன. பின்னர்க் கிறித்தவ மடங்களும் அவற்றின் மூலிகைத் தோட்டங்களும் மேலும் பல பெயர்களைக் கொணர்ந்தன. 'பிளான்ட்' என்னும் பொதுப்பெயரே இலத்தீனில் நாற்றினைக் குறிக்கும் 'பிளாந்தா' என்பதிலிருந்து வந்தது. நட்டு வளர்ப்பதைக் குறித்த சொல், தானே முளைக்கும் தாவரங்களுக்கும் காலப்போக்கிற் பொதுப்பெயராயிற்று.

கி. பி. 1066 இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியமை மூன்றாவது அடுக்கிற்கு வழிவகுத்தது. அரசவையிலும் உயர்குடியினர் இல்லங்களிலும் பிரெஞ்சு மொழி நிலவியது. 'ஃபிளவர்', 'ஃபுறூட்', 'ஹேர்ப்' என்னும் பொதுப்பெயர்கள் பிரெஞ்சின் வழியாக வந்தன. திராட்சையைப் பழைய ஆங்கிலர் 'வைன் கனி' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். அச்சொல் வழக்கிறக்க, பிரெஞ்சில் குலையைக் குறித்த 'கிறேப்' என்பது அதன் இடத்தைப் பற்றிக்கொண்டது. களையைக் குறிக்கும் சொல் உழவனின் மொழியிலும், மலரையும் கனியையும் குறிக்கும் சொற்கள் ஆள்வோரின் மொழியிலும் அமைந்தமை கருதற்பாலது. ஆயினும் இதனைப் பொதுவிதியாகக் கொள்ளல் பொருந்தாது. அப்பிளின் பெயரும் டெய்ஸியின் பெயரும் பழைய ஆங்கிலமாகவே நின்றன. ஆட்சிமாற்றம் மொழியின் மேற்பரப்பை மாற்றினும் அடித்தளத்தை முற்றாக மாற்றவியலாது என்பதே இவ்வடுக்கு உணர்த்தும் உண்மையாகும்.

ஒரே இலத்தீன் சொல் இருவேறு காலங்களில் ஆங்கிலத்துட் புகுந்து இரு சொற்களாதலும் உண்டு. இலத்தீன் 'புறூனும்' என்பதே முதலிற் 'பிளம்' எனவும், பின்னர்ப் பிரெஞ்சின் வழியாகப் 'புறூன்' எனவும் வந்தது. முன்னையது பழத்தையும் பின்னையது அதன் வற்றலையும் குறிக்கின்றன. மலரைக் குறிக்கும் சொல்லும் மாவைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியுடையனவாய் இருத்தல் தற்செயலன்று. தானியத்தின் 'மலர்' போன்ற சிறந்த பகுதி என்னும் கருத்திலேயே மாவுக்கு அப்பெயர் ஏற்பட்டது. எழுத்திலே இரண்டும் வேறுபட்டமை பிற்கால நிகழ்ச்சியாகும்.

பொருளை வெளிப்படையாகத் தாங்கிநிற்கும் பெயர்களும் இவ்வடுக்கில் உள. 'டான்டிலயன்' என்பது பிரெஞ்சிற் 'சிங்கப்பல்'. அதன் இலை விளிம்பை நோக்கினார்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும். 'லெற்றியூஸ்' என்னும் இலைக்கறியின் பெயர் இலத்தீனிற் பாலைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. தண்டை முறித்தாற் பால் வடிதலே காரணம். 'கபேஜ்' என்பது தலையைக் குறிக்கும் வடபிரெஞ்சுச் சொல். 'பீச்' என்பதோ 'பாரசீகக் கனி' என்னும் இலத்தீன் தொடரின் சிதைவு. உண்மையில் அப்பழத்தின் தாயகம் சீனா. உரோமர் அதனைப் பாரசீகத்தின் வழியாகப் பெற்றமையால், வழியையே பிறப்பிடமாகக் கொண்டனர். பெயர் எப்பொழுதும் தாயகத்தைக் காட்டுமென நம்புதல் தவறு என்பதை இச்சொல் நன்கு எடுத்துக்காட்டுகின்றது.

அரபு வணிகர் வழி

இடைக்காலத்தில் இந்தியாவுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே பொருள்களையும் அறிவையும் கொண்டுசென்றோர் அரபு மக்களும் பாரசீக மக்களுமாவர். ஸ்பானியாவிலும் சிசிலியிலும் அவர்கள் புதிய பயிர்களையும் நீர்ப்பாசன முறைகளையும் புகுத்தினர். ஆங்கிலத்தின் நான்காவது அடுக்கு இத்தொடர்பின் விளைவாகும்.

'ஒறேஞ்' என்னும் சொல்லின் பயணம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வடமொழியில் 'நாரங்க' எனவும், பாரசீகத்தில் 'நாரங்' எனவும், அரபில் 'நாரஞ்ச்' எனவும், ஸ்பானியத்தில் 'நாரஞ்ஹ' எனவும் வழங்கிய இச்சொல் பிரெஞ்சிற் புகுந்தபோது முதலில் நின்ற நகரமெய்யை இழந்தது. வடமொழிச் சொல்லே திராவிட மூலத்தினின்றும் பெறப்பட்டது என்பர் அறிஞர் பலர். தமிழின் நாரத்தையும் மலையாளத்தின் நாரங்ஙவும் ஈண்டு ஒப்பிடற்பாலன. மேலும், ஆங்கிலத்தில் இச்சொல் முதலிற் பழத்தையே குறித்தது. நிறத்தைக் குறிக்கத் தொடங்கியது பதினாறாம் நூற்றாண்டிலாகும். அதற்கு முன்னர் அந்நிறத்தைக் குறிக்கத் தனிச்சொல் இல்லாமையால் 'மஞ்சட் சிவப்பு' என்றே கூறினர். ஒரு பழம் வந்து ஒரு நிறத்தையும் பெயரால் வேறுபடுத்திக் காட்டியது.

'ஏப்பிறிக்கொட்' என்னும் பழப்பெயர் சென்ற வழி மேலும் வியப்புக்குரியது. முந்திப் பழுப்பது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லைக் கிரேக்கர் ஏற்றனர். கிரேக்கரிடமிருந்து அரபியர் பெற்று 'அல்பர்க்கூக்' என்றனர். அரபியரிடமிருந்து ஐபீரிய மக்கள் பெற்றனர். அவர்வழி ஆங்கிலம் பெற்றது. ஐரோப்பாவை விட்டுக் கிழக்கே சென்ற சொல், உருமாறி ஐரோப்பாவுக்கே மீண்டது. கத்தரிக்காயின் பெயரோ இரு வழிகளைக் காட்டுகின்றது. அரபின் 'அல்பாதிஞ்சான்' என்பது முன்னொட்டுடன் கட்டலான் மொழிக்குச் சென்று, பிரெஞ்சில் 'ஓபர்ஜீன்' ஆகி, இங்கிலாந்தை அடைந்தது. அதே சொல் முன்னொட்டின்றிப் போர்த்துக்கேயத்திற் 'பெரிஞ்செல' ஆகி, போர்த்துக்கேயருடன் இந்நாடுகளுக்கு வந்து, நாம் ஆங்கிலத்தில் வழங்கும் 'பிறிஞ்சல்' ஆயிற்று. இலண்டன் அங்காடியிற் கேட்கும் பெயரும் இலங்கை அங்காடியிற் கேட்கும் ஆங்கிலப் பெயரும் உடன்பிறந்தவையே.

'லைலக்' என்னும் மலர்ப்பெயர் நீலநிறத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அது நாம் அறிந்த 'நீல' என்னும் வடசொல்லோடு உறவுடையது. 'டியூலிப்' என்பதும் தலைப்பாகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் ஒரே பாரசீக-துருக்கிய மூலத்தன. மலரின் வடிவு தலைப்பாகையை நினைவூட்டியமையே இதற்குக் காரணம் என்பர்.

புதிய உலகமும் பழைய பெயர்களும்

1492 இற் கொலம்பஸ் மேற்றிசைத் தீவுகளை அடைந்தபோது தேடிச்சென்றது இந்தியாவை. கண்டது வேறு உலகத்தை. இத்தவறு தாவரப் பெயர்களிலும் பதிந்துள்ளது. 'பெப்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் திப்பிலியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லாகிய 'பிப்பலி' என்பதாகும். கிரேக்கரும் உரோமரும் அப்பெயரை மிளகுக்கும் சேர்த்து வழங்கினர். ஸ்பானியர் அமெரிக்காவிற் காரச்சுவையுடைய புதிய காயொன்றைக் கண்டதும் மிளகின் பெயரையே அதற்கும் இட்டனர். ஆக, திப்பிலியின் பெயர் மிளகுக்கும், மிளகின் பெயர் மிளகாய்க்கும் மாறிச் சென்றன. தமிழிலும் இதுவே நிகழ்ந்தமை கவனத்திற்குரியது. மிளகுபோற் காரமுடைய காய் ஆகையால் நாம் அதனை மிளகாய் என்றோம். ஈழத்தின் சில பகுதிகளில் வழங்கும் 'கொச்சிக்காய்' என்னும் பெயர் கொச்சித் துறைமுகத்தின் வழி அது வந்ததென்னும் நினைவைத் தாங்குவதாகக் கொள்ளப்படும். தாயகத்துப் பெயராகிய 'சில்லி' மெக்சிக்கோவின் நாவத்தில் மொழிச் சொல்லாகும்.

'டொமாற்றோ' என்பதும் அம்மொழியின் 'தொமத்தில்' என்பதிலிருந்து வந்தது. 'பொற்றேற்றோ' கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் வற்றாளைக் கிழங்குக்கு வழங்கிய 'பத்தாத்தா' என்பதன் திரிபு. அப்பெயர் பின்னர் அந்தீஸ் மலையிலிருந்து வந்த உருளைக்கிழங்கிற்கு உரியதாயிற்று. தைனோ மக்கள் ஸ்பானியர் வருகையின் பின் சில பத்தாண்டுகளிற் கொடுமையாலும் நோயாலும் பேரளவில் அழிந்தனர். அவர்தம் மொழியும் வழக்கொழிந்தது. எனினும் கிழங்கையும் சோளத்தையும் குறித்த அவர்தம் சொற்கள் உலகின் உணவு மேசைகளில் இன்றும் ஒலிக்கின்றன. அழித்தோரின் நாவிலே அழிந்தோரின் சொல் வாழ்வது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அன்னாசிப்பழம் பிறிதொரு பாடத்தைத் தருகின்றது. தென்னமெரிக்கப் பழங்குடியினரின் 'நனஸ்' என்னும் சொல் போர்த்துக்கேயர் வழியாகத் தமிழுக்கும் பல ஐரோப்பிய மொழிகளுக்கும் வந்தது. ஆங்கிலேயரோ பைன் மரத்தின் கூம்பைக் குறிக்க வழங்கிய 'பைனப்பிள்' என்னும் பழஞ்சொல்லை இதற்கு இட்டனர். அக்காலத்தில் 'அப்பிள்' என்பது எந்தக் கனிக்கும் பொதுப்பெயராகவும் நின்றது. இப்பெயரைப் பொறுத்தவரை ஆங்கிலத்தைவிடத் தமிழே மூலத்துக்கு அணித்தாக நிற்கின்றது எனலாம்.

நம்மொழியின் பங்கு

1498 இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்த பின்னர் மலையாளக் கரையின் தாவரப் பெயர்கள் போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளிற் புகுந்தன. 'மாங்கோ', 'அறீக்கா', 'பீற்றல்', 'ஜக்', 'ரீக்' என்பன முறையே மாங்காய், அடைக்காய், வெற்றிலை, சக்கை, தேக்கு என்பவற்றிலிருந்து வந்தவை. கப்பற்கயிற்றுக்குரிய தென்னந்தும்பைக் குறிக்கும் 'கொயர்' நம் 'கயிறு' என்பதன் இனமாகும். இவற்றுட் பல நேரே தமிழிலிருந்து சென்றவை எனச் சிலர் எழுதுவர். ஆனால் வணிகம் நிகழ்ந்த இடமும் சொற்களின் வடிவும் மலையாளத்தையே உடனடி மூலமாகக் காட்டுகின்றன. பலாவைச் சக்க என்போர் மலையாளிகள். பொதுத் திராவிட மரபிற் பெருமைகொள்ள நமக்கு உரிமையுண்டு. அயலவர் பங்கை நமதாக எழுதிக்கொள்ள உரிமையில்லை. தேங்காயைப் பொறுத்தவரை போர்த்துக்கேயர் உள்ளூர்ப் பெயரை ஏற்கவில்லை. சிரட்டையின் மூன்று கண்களும் குழந்தைகளை அச்சுறுத்தும் பூச்சாண்டியின் முகம்போல் தோன்றியமையால் அதனைக் 'கொக்கோ' என்றனர்.

இஞ்சியின் பெயர் இவற்றினும் பன்னூற்றாண்டுகள் முற்பட்டது. 'ஜிஞ்ஜர்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பின்னோக்கிச் செல்லின் இலத்தீன், கிரேக்கம் என்பவற்றின் வழியாகப் பாளியின் 'சிங்கிவேர' என்பதை அடைவோம். அது இஞ்சி, வேர் என்னும் இரு திராவிடச் சொற்களின் கூட்டு என்பது பெரும்பாலார் முடிபு. தமிழ் இச்சொல்லின் முதலில் நின்ற சகரத்தை இழந்தது. பாளியோ அதனைக் காத்துக்கொண்டது. வடமொழியாளர் சொல்லின் மூலத்தை அறியாது 'சிருங்கவேர' எனத் திருத்தி, 'கொம்பு போன்ற உடலுடையது' எனப் பொருள் கண்டனர். அலன் றோஸ் என்னும் ஆங்கில மொழியியலறிஞர் 1952 இல் இவ்வொரு சொல்லின் வரலாற்றுக்கெனவே தனிநூல் வெளியிட்டார். இங்கே நம்மொழியின் பங்கு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது எனலாம்.

ஆனால் 'றைஸ்' என்பது அரிசி என்பதிலிருந்து வந்தது என்னும் கூற்று இத்தகைய உறுதியுடையதன்று. கால்டுவெல் ஐயர் 1856 இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திற் கிரேக்கத்தின் 'ஒரிஸா'வை அரிசியோடு தொடர்புபடுத்தினார். அவர் காலத்து அறிவுக்கு அது பொருத்தமான கருத்தே. பின்வந்த ஆய்வாளர் கிரேக்கச் சொல் ஈரானிய மொழியொன்றின் வழியே சென்றிருத்தல் வேண்டுமெனவும், அது வடமொழி 'விரீகி'யோடு இனமுடையது எனவும் காட்டினர். அந்த 'விரீகி'யே திராவிட மூலத்ததா என்பது அறிஞரிடையே இன்றும் விவாதிக்கப்படுகின்றது. ஆகவே இது முடிந்த முடிபாக மேடைகளில் முழங்கத்தக்கதன்று, ஆராயத்தக்கது.

சொற்பிறப்பு ஆய்வில் மூன்று சோதனைகள் இன்றியமையாதன. முதலாவது, சொல்லின் இடைக்கால வடிவங்கள் காலமுறைப்படி கிடைத்தல் வேண்டும். இரண்டாவது, ஒலிமாற்றங்கள் அம்மொழிகளின் ஏனைய சொற்களிலும் காணப்படும் ஒழுங்கிற்கு அமைதல் வேண்டும். மூன்றாவது, பொருள் சென்ற வழியும் சொல் சென்ற வழியும் ஒத்திருத்தல் வேண்டும். ஓசை ஒற்றுமை ஒன்றையே கொண்டு முடிவுசெய்தால், ஓக் மரத்தின் வித்தாகிய 'ஏகோர்ண்' என்பதை ஓக், தானியம் என்னும் இரு சொற்களின் கூட்டென நம்பி அதன் எழுத்தையே மாற்றிய பழைய ஆங்கிலரின் நிலைக்கு நாமும் ஆளாவோம். உண்மையில் அது வயலைக் குறிக்கும் 'ஏக்கர்' என்பதன் இனம். உலகமொழிச் சொற்கள் எல்லாவற்றையும் தமிழாக்கிக் காட்டும் கட்டுரைகள், உலகம் ஏற்றுக்கொண்ட இஞ்சியையும் சேர்த்தே நகைப்புக்குரியதாக்கி விடுகின்றன. நம்மொழிமேற் பற்றுள்ளவர் முதலிற் காக்கவேண்டியது அதன் நம்பகத்தன்மையையே.

யார் பெயரால்?

பதினெட்டாம் நூற்றாண்டிற் பெயரிடும் முறை புதியதொரு நிலையை அடைந்தது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753 இல் வெளியிட்ட நூலின் வழியாக இருசொற் பெயர்முறையை நிலைநாட்டினார். அதற்குமுன், 1747 இல் அவர் இலங்கைத் தாவரங்கள் பற்றி 'ஃபுளோரா ஸெய்லானிக்கா' என்னும் நூலை வெளியிட்டிருந்தார். அவர் இலங்கைக்கு வந்தவரல்லர். ஒல்லாந்த வணிகக் கம்பனியின் மருத்துவராக 1672 முதல் இங்கே பணியாற்றிய போல் ஹெர்மன் திரட்டிய உலர்தாவரங்களே அந்நூலுக்கு ஆதாரம். அத்திரட்டு இன்று இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் உள்ளது.

இக்காலந்தொட்டு மனிதர் பெயர்களே மலர்ப்பெயர்களாகின. 'டாலியா' சுவீடனின் அண்டர்ஸ் டாலையும், 'மக்னோலியா' பிரான்சின் பியர் மக்னோலையும், 'போகன்விலா' பிரெஞ்சு மாலுமி புகேன்வீலையும் நினைவூட்டுகின்றன. டாலியாவின் தாயகம் மெக்சிக்கோ. அங்கே அதற்குப் பழம்பெயர் இருந்தது. செந்நிற இலைகளையுடைய 'பொயின்செற்றியா'வுக்கும் நாவத்தில் மக்கள் 'குவெத்லசோச்சித்தில்' எனப் பெயரிட்டிருந்தனர். 1820 களில் மெக்சிக்கோவில் ஐக்கிய அமெரிக்காவின் தூதராயிருந்த பொயின்செற் அதனைத் தம் நாட்டிற்கு அனுப்பியமையால் அவர் பெயரே நிலைத்தது. டெய்ஸியில் வயலில் நின்றவன் கண்ட காட்சி உளது. டாலியாவில் அத்தகைய காட்சி ஏதும் இல்லை. பெயரிடுதல் காண்போன் கையிலிருந்து பதிவுசெய்வோன் கைக்கு மாறிய வரலாற்றை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1678 முதல் 1693 வரை பன்னிரு தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்' என்னும் நூலில், கொச்சியின் ஒல்லாந்த ஆளுநர் வான் றீட், இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரின் சான்றுரையை அவர் பெயருடன் அச்சிட்டார். மலையாளப் பெயர்களும் அந்நூலில் இடம்பெற்றன. உள்ளூர் அறிவை மறைக்காது குறித்தல் அக்காலத்திலும் இயன்றதே என்பதற்கு இந்நூல் சாட்சி.

முடிவுரை

ஆங்கிலத் தாவரப் பெயர்களின் வரலாறு இவ்வளவு தெளிவாக நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றைக் காலத்தே குறித்துவைத்தோர் இருந்தமையேயாம். அவர்களுள் முதல்வராக மதிக்கத்தக்கவர் வில்லியம் டேணர். கேம்பிறிஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த காலத்தில், மருத்துவரிடத்துங்கூட ஒரு மூலிகையின் ஆங்கிலப் பெயரையோ கிரேக்கப் பெயரையோ தம்மால் அறிந்துகொள்ள இயலவில்லை என அவர் பின்னாளிற் குறைப்பட்டார். அக்குறை தீர்க்கத் தாமே முயன்று, 1548 இற் கிரேக்கம், இலத்தீன், ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளில் மூலிகைப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். ஆங்கிலத்திற் பெயரில்லாதவற்றுக்குப் பெயர்களும் அமைத்தார். கற்றோர் இலத்தீனையே மதித்த காலத்தில் நாட்டுமொழியின் பெயர்களைத் தேடிச் சென்றமையே அவரது பெருமை.

டேணரின் குறை நமக்கும் உரியதாகும். தமிழிற் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயினும், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வழங்கும் செடிகொடிகளின் பெயர்கள் ஊர்வாரியாகவும் முழுமையாகவும் தொகுக்கப்படல் வேண்டும். தமிழகத்தார் பப்பாளி என்பதை நாம் பப்பாசி என்கின்றோம். நிலக்கடலையைக் கச்சான் என்கின்றோம். கச்சான் என்பது மேற்குக் காற்றின் பெயருமாகும். இத்தகைய பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு பயணத்தின் குறிப்பு. 1983 இன் பின்னரான போர்க்காலத்தில் ஊர்கள் பல இடம்பெயர்ந்தன. ஊரோடு தோட்டமும், தோட்டத்தோடு பெயரும் கைவிடப்பட்டன. மூலிகை அறிந்த முதியோர் மறையுந்தோறும் எழுதப்படாத பக்கம் ஒன்று மறைகின்றது. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்களுக்குச் செல்லுங்கால், செடியையும் பெயரையும் பெயர் சொன்னவரையும் இடத்தையும் நாளையும் குறித்து வருவாராயின், அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. சொல்லின் மூலத்தைப் பின்னர் ஆராயலாம். சொல் எஞ்சியிருத்தலே முதலில் வேண்டுவது.